மானமும் கூட்டும்: லேடாங் மலையடிவாரத்தில் விழுமியங்களும் வாழ்க்கை நலமும்

ஒரு சமூகம் எதை மதிக்கிறது, எதைக் கேவலம் என்று ஒதுக்குகிறது என்பதே விழுமியம். அது தத்துவ நூல்களில் இருப்பதைவிட அன்றாட முடிவுகளில்தான் அதிகம் இருக்கிறது. பெரியவர் வந்தால் எழுந்து நிற்பதா, கைமுடைக்கு யாரிடம் கேட்பது, பேச்சுவார்த்தை இல்லாத உறவினர் வீட்டில் சாவு விழுந்தால் போகாமல் இருக்கலாமா, பிள்ளை படிக்கும் படிப்பை யார் தீர்மானிப்பது என்பதையெல்லாம் மனிதர்கள் பெரும்பாலும் யோசித்து முடிவெடுப்பதில்லை. தாம் வளர்ந்த சமூகம் சொல்லிக்கொடுத்தபடி நடக்கிறார்கள். அப்படி நடப்பதால் உடல்நலமும் மனநிம்மதியும் கூடுகின்றனவா குறைகின்றனவா என்ற கேள்விக்கு ஒற்றை விடை இல்லை. ஒரே விழுமியம் ஒரு காலத்தில் மக்களைத் தாங்கியிருக்கிறது. வேறொரு காலத்தில் அதே மக்களை அழுத்தியிருக்கிறது. விழுமியம் மாறாதிருக்க, அதைச் சூழ்ந்திருந்த கூலி, வீடு, சட்டம், சங்கம் ஆகியவை மாறியதே இதற்குக் காரணம். மலேசியத் தமிழர் வரலாறு இதைத் தெளிவாகக் காட்டுகிறது.

ஜொகூர் மாநிலத்தின் வடமேற்கில், மலாக்கா எல்லையை ஒட்டி, 1,276 மீட்டர் உயரமுள்ள லேடாங் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது தங்காக். 2008-இல் மூவாரிலிருந்து பிரிக்கப்பட்டு லேடாங் மாவட்டமாகி, பின்னர் தங்காக் மாவட்டம் என்று பெயர் பெற்ற பகுதி இது. துணிக்கடைகளுக்குப் பேர்போன ஊர். மலாய்க்காரர், சீனர், தமிழர் என மூன்று சமூகங்கள் தலைமுறைகளாக ஒரே கடைத்தெருவைப் பகிர்ந்துகொள்கின்றன. தமிழர் இங்கு வந்தது ரப்பரோடு. மலாயாவில் வணிக முறையில் ரப்பரை முதலில் பயிரிட்டவர் மலாக்காவின் டான் சாய் யான். 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் தொடங்கி, அடுத்துப் புக்கிட் அசகானில் பெரும் பரப்பில் நட்டார். அந்த அசகான் இதே மலையின் மலாக்காப் பக்கத்து அடிவாரம்தான். பிறகு ஜொகூர்ப் பக்கத்திலும் தோட்டங்கள் பரவின. தோட்டம் பரவிய இடமெல்லாம் லயன் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளும் மாரியம்மன் கோவிலும் எழுந்தன.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

பண்பாட்டு விழுமியங்களை அளந்து ஒப்பிடும் முயற்சி இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேகம் பெற்றது. நெதர்லாந்து ஆய்வாளர் கேர்ட் ஹாஃப்ஸ்டீட், ஐ.பி.எம். நிறுவன ஊழியர்களிடம் 1967 முதல் 1973 வரை திரட்டிய விடைகளைக் கொண்டு 1980-இல் தம் முடிவுகளை நூலாக்கினார். அதிகார ஏற்றத்தாழ்வைக் கீழே இருப்பவர்கள் எந்த அளவுக்கு இயல்பாக ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதற்கு அவர் ஒரு குறியீடு வகுத்தார். மலேசியாவுக்குக் கிடைத்தது 104, பட்டியலின் உச்சம். இந்தியாவுக்கு 77. தனிமனிதச் சார்பில் மலேசியா 26, இந்தியா 48. மிஷேல் கெல்ஃபாண்டும் சக ஆய்வாளர்களும் 33 நாடுகளில் 6,823 பேரிடம் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு கோணத்தைப் பார்த்தது: சமூக நெறிகள் எவ்வளவு இறுக்கமானவை, மீறுவோரைச் சமூகம் எவ்வளவு பொறுத்துக்கொள்கிறது? பாகிஸ்தான் 12.3 புள்ளிகளோடு முதலிடம், மலேசியா 11.8, இந்தியா 11.0, சிங்கப்பூர் 10.4 என அடுத்தடுத்து வந்தன. கடைசியில் இருந்த உக்ரைனுக்கு 1.6. போர், நோய், இயற்கைச் சீற்றம், மக்கள் நெருக்கம் ஆகியவற்றை அதிகம் கண்ட சமூகங்களில் நெறிகள் இறுகுகின்றன என்பது அந்த ஆய்வின் விளக்கம்.

வாழ்க்கை நிறைவு பற்றிய ஆய்வுகளில் தமிழ் வாசகருக்கு மிக நெருக்கமானது 1998-இல் யூன்குக் சூவும் எட் டீனர் உள்ளிட்டோரும் வெளியிட்டது. 61 நாடுகள், 62,446 பேர் அடங்கிய தரவு அது. தனிமனிதச் சார்புள்ள நாடுகளில் ஒருவர் தம் வாழ்வு நன்றாக இருக்கிறதா என்பதைத் தம் சொந்த மகிழ்ச்சி, வருத்தத்தை வைத்தே பெரும்பாலும் முடிவு செய்கிறார். கூட்டுச் சார்புள்ள நாடுகளில் ‘இப்படி வாழ்வதைச் சமூகம் ஏற்கிறதா’ என்பதும் ஏறக்குறைய அதே எடையோடு முடிவில் சேர்கிறது. ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’ என்ற கவலையைப் பலவீனம் என்று தள்ளிவிட முடியாது என்பதற்கு இது நல்ல ஆதாரம். இத்தகைய சமூகங்களில் நலம் என்பதற்குள்ளேயே நாலு பேரின் பார்வை இருக்கிறது.

ஆனாலும் ஒரு நாட்டுக்கு ஓர் எண் என்பதில் பெரிய குறை உண்டு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசியக் குடிமக்களில் பூமிபுத்ராக்கள் (மலாய்க்காரரும் பிற பூர்வகுடியினரும்) 69.4 விழுக்காடு, சீனர் 23.2, இந்தியர் 6.7. மூன்று பெரும் சமூகங்களையும் அவற்றின் உட்பிரிவுகளையும் 104 என்ற ஓர் எண்ணுக்குள் அடைக்க முடியாது. ஐ.பி.எம். அலுவலக ஊழியரின் விடையில் பால்மரம் வெட்டுபவரின் மனம் இருக்கவும் வழியில்லை. அதைவிட முக்கியமான கேள்வி, பணிவு எங்கிருந்து வந்தது என்பது. அது பண்பாட்டின் விளைவா, அல்லது வேறு வழியற்ற நிலைமையின் விளைவா? கேள்வித்தாளில் இரண்டும் ஒரே விடையாகத்தான் பதிவாகும்.

மலாய் மரபே 104 என்ற இந்த எண்ணைச் சிக்கலாக்குகிறது. மலாக்கா அரசர்களின் வரலாறு கூறும் ‘செஜாரா மெலாயு’வில் டெமாங் லெபார் டாவுன் என்ற தலைவருக்கும் சாங் சப்பூர்பா என்ற அரசனுக்கும் நடந்த உடன்படிக்கை வருகிறது. குடிகள் அரசனுக்குத் துரோகம் செய்யக் கூடாது. பதிலுக்கு, குடிகள் எவ்வளவு பெரிய குற்றம் செய்தாலும் அரசன் அவர்களை இழிசொல்லால் அவமானப்படுத்தக் கூடாது. அதே நூலில்தான் லேடாங் மலை இளவரசியின் கதையும் இருக்கிறது. மணம் கேட்டு வந்த மலாக்கா சுல்தானிடம் அவள் வைத்த நிபந்தனைகளில் கடைசியானது அவர் மகனின் இரத்தம். சுல்தான் அங்கே நின்றுவிடுகிறார். ஆளுபவன் உயர்ந்தவன் என்று ஒப்புக்கொண்டே, அவன் தாண்டக் கூடாத எல்லையையும் வகுத்த மரபு இது.

தோட்டத்துப் பணிவு

தமிழ்த் தொழிலாளர் முதலில் ஒப்பந்தக் கூலிகளாகவும், பிறகு பெரும்பாலும் கங்காணி முறையிலும் மலாயா வந்தனர். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. கங்காணி முறையின் வலிமையே அது தமிழ்க் கிராமத்தின் விழுமியங்களைப் பயன்படுத்திக்கொண்டதில்தான் இருந்தது. ஆள் திரட்டப் போன கங்காணி தம் சொந்த ஊருக்கே போனார். உறவினரையும் தெரிந்தவரையும் அழைத்து வந்தார். ஊரில் அவர் பெரிய மனிதர், நம்பத் தக்கவர். தோட்டத்திலோ அவர் துரையின், அதாவது தோட்ட நிர்வாகியின், ஆள். வேலைக்கு வரும் தலைக்கணக்குப்படி அவருக்குப் பணம். பெரியவருக்குக் காட்ட வேண்டிய மரியாதை அப்படியே மேற்பார்வையாளருக்குக் காட்டும் பணிவாக மாற்றப்பட்டது. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் தொடங்கி, தண்டல் (மேற்பார்வையாளர்), கிராணி (எழுத்தர்), துரை என்று ஏறிய அதிகாரப் படிக்கட்டில் ஒவ்வொரு படியிலும் கைகட்டி நிற்க வேண்டியிருந்தது. சாதியும் கூடவே கப்பலேறி வந்தது; பல தோட்டங்களில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு லயன்கள் தனியாக இருந்தன.

இந்தப் பணிவைத் தமிழரின் பிறவிக் குணம் என்று காலனிய அதிகாரிகள் நம்பினார்கள். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வெடித்த வேலைநிறுத்தம் அந்த நம்பிக்கையை உடைத்தது. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத் தலைவரும் ‘தமிழ் நேசன்’ நாளிதழின் துணையாசிரியருமான ஆர். எச். நாதன் அதன் முன்னணியில் இருந்தார். தொழிலாளர்களின் கோரிக்கைப் பட்டியல், விழுமியங்களை ஆராய்வோர் கவனமாகப் படிக்க வேண்டிய ஆவணம். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி ஆகியவை அதில் உண்டு. தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் அதிகாரிகள் தவறாக நடப்பது நிற்க வேண்டும், உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பவையும் உண்டு. துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று.

கூலியையும் சைக்கிளையும் ஒரே பட்டியலில் வைத்தவர்களுக்கு நலம் என்றால் என்ன என்பது தெளிவாகத் தெரிந்திருந்தது. வயிறு, பிள்ளை, பெண், உறவு, மானம் இவை அனைத்தும் சேர்ந்ததே அவர்கள் கேட்ட வாழ்க்கை. நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார், இராணுவம் வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர்.

மானம் என்ற விழுமியம் இந்த எழுச்சிக்காகப் புதிதாக உருவானதன்று. கிராமத்திலும் அது இருந்தது. புதிதாக வந்தவை அதற்குக் குரல் கொடுத்த அமைப்புகள். பெரியார் 1929 இறுதியில் மலாயா வந்து பேசினார், கோ. சாரங்கபாணி 1935-இல் சிங்கப்பூரில் ‘தமிழ் முரசு’ தொடங்கினார். தமிழர் சீர்திருத்தச் சங்கங்கள் சாதிக்கும் மதுவுக்கும் எதிராக இயங்கின. 1943-இல் இந்திய தேசிய இராணுவத்தின் ஜான்சி ராணிப் படையில் தோட்டப்புறப் பெண்களும் சேர்ந்து துப்பாக்கி ஏந்தினார்கள். போர் முடிந்ததும் 1946-47-இல் கெடா மாநில ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடை மறியல் அதன் முதல் வேலை. கள் அங்கே பண்பாட்டுப் பழக்கமாக மட்டும் இருக்கவில்லை. தோட்டத்துக்குள்ளேயே உரிமம் பெற்ற கடை, மாலையில் கையில் கூலி, போவதற்கு வேறிடமின்மை எல்லாம் சேர்ந்து உருவாக்கிய நோய் அது. குடியைத் தமிழரின் இயல்பாகச் சித்திரித்த எழுத்துகள் கடையைத் திறந்து வைத்தவர் யார் என்று கேட்கவே இல்லை.

கூட்டு பிடித்தல்

தோட்ட வாழ்க்கை தந்த மற்றொரு விழுமியம் பகிர்வு. வங்கி கைக்கெட்டாத தூரத்தில் இருந்த மக்கள் மாதந்தோறும் ஆளுக்கு இவ்வளவு வெள்ளி என்று போட்டு, முறைவைத்தோ ஏலத்திலோ ஒருவர் மொத்தமாக எடுத்துக்கொள்ளும் கூட்டு பிடித்தார்கள். பிள்ளையின் காதுகுத்து, மகளின் திருமணம், கூரை மாற்றம் எல்லாம் கூட்டுப் பணத்தில்தான் நடந்தன. எழுத்து இல்லை, ஈடு இல்லை. பணம் எடுத்தவர் மீதித் தவணையைக் கட்டாமல் போனால் லயனில் தலைகாட்ட முடியாது என்பதே உத்தரவாதம். மானம் இங்கே பிணையாக நின்றது. சீனர்கள் இதே ஏற்பாட்டை ஹூய் என்ற பெயரில் வைத்திருந்தார்கள். மலாய்க்காரரும் ‘குத்து’ என்ற பெயரில் இதை நடத்தினார்கள்.

ஆள் தெரிந்த இடத்தில் சரியாக நடந்த இந்த ஏற்பாடு, முகம் தெரியாத நகரத்து வணிகமாக வளர்ந்தபோது மோசடிக்கு இடம் தந்தது. மலேசிய நாடாளுமன்றம் 1971-இல் கூட்டு நிதித் தடைச் சட்டம் இயற்றி, கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதைத் தடை செய்தது. கூட்டு, சீட்டு, ஹூய் ஆகிய மூன்று பெயர்களும் அந்தச் சட்டத்தின் வரையறையிலேயே இருக்கின்றன. இந்தியாவோ 1982-இல் சீட்டு நிதிச் சட்டத்தின் மூலம் சீட்டு நிறுவனங்களைப் பதிவுக்கும் மேற்பார்வைக்கும் உட்படுத்தி நடத்த அனுமதித்தது. பழக்கம் ஒன்றே, இரு நாடுகளும் அதை எடுத்துச் சென்ற வழி வேறு. ஒழுங்குபடுத்தியதால் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் சீட்டு ஒரு சேமிப்புத் துறையாகவே வளர்ந்தது. மலேசியாவில் அது அக்கம்பக்கத்தாருக்குள் ஓசையின்றித் தொடர்கிறது. ஏமாந்தவர் காவல் நிலையம் போகத் தயங்குகிறார்.

சாவுக்கான ஏற்பாடும் இப்படித்தான். தமிழர் குடியிருப்புகளில் மரண சகாய நிதி, பள்ளிவாசல்களில் கைராத் கெமாத்தியான் என்ற மரண உதவி நிதி, சீனருக்குக் குலச் சங்கங்கள். மூன்றும் ஒரே அச்சத்துக்குத் தரப்பட்ட விடைகள்: அடக்கத்துக்குக் காசில்லாமல், தூக்க நாலு பேரில்லாமல் போய்விடக் கூடாது.

இந்தப் பகிர்வு மனப்பான்மையை வலுவான நிறுவனமாக்கிய முயற்சி தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். 1950-களில் வெளிநாட்டு முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். ஒவ்வொரு துண்டாடலிலும் தொழிலாளிக்கு வேலையோடு வீடும் போயிற்று, ஏனென்றால் லயன் வீடு வேலையோடு ஒட்டியது. 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பொருளியல் பேராசிரியர் உங்கு அசிஸ் ஆராய்ந்து அறிக்கை அளித்தார். அமைச்சர் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் ஒரு பங்கு 100 வெள்ளி என்றும், அதைப் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டலாம் என்றும் அறிவித்தது. அவர் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். 1961-இல் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. தொடர்ந்து பல தோட்டங்கள் வந்தன. கூட்டு பிடித்துப் பழகிய கைகளுக்குத் தவணை புதிதன்று. புதிதாக இருந்தவை பதிவு, கணக்கு, சட்டப் பாதுகாப்பு.

இதே உங்கு அசிஸ் மலாய்க் கிராமத்தாரிடம் கண்ட ஒரு துயரமும் இங்கே நினைவுகூரத் தக்கது. மக்கா பயணத்துக்காகப் பல ஆண்டுகள் வீட்டிலேயே பணம் பதுக்கியும், நிலத்தையும் ஆடுமாட்டையும் விற்றும் போய்வந்தவர்கள் எஞ்சிய வாழ்நாளை வறுமையில் கழித்தார்கள். 1959-இல் அவர் முன்வைத்த யோசனையிலிருந்து பிறந்த யாத்திரிகர் சேமிப்புக் கழகம், 1963-இல் இயங்கத் தொடங்கி, இன்று தாபோங் ஹாஜியாக நிற்கிறது. பக்தி குறையவில்லை; அதற்காகக் குடும்பம் நொடிப்பது குறைந்தது.

தோட்டம் விட்ட பிறகு

ரப்பர் செம்பனைக்கு வழிவிட்டது. செம்பனையும் பல இடங்களில் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் நெடுஞ்சாலைக்கும் வழிவிட்டது. 1980-களிலும் 90-களிலும் பெருந்திரளான தமிழ்க் குடும்பங்கள் தோட்டப்புறத்தை விட்டு நகரோரங்களுக்கு வந்தன. நிலமும் சேமிப்பும் இல்லாமல் வந்த இந்த இடப்பெயர்வில் பறிபோனவற்றின் பட்டியல் நீளமானது. தாய்மார் விடியுமுன் வெட்டுக்குப் போகும்போது குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக் கொட்டகை போயிற்று. தோட்டத் தமிழ்ப்பள்ளி மாணவரின்றி மூடப்பட்டது. 1957-இல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 500 சொச்சமாகக் குறைந்துள்ளன. திருவிழா நாளில் ஊரையே ஒன்றுகூட்டிய மாரியம்மன் கோவில், பட்டா இல்லாத கட்டடம் என்ற பெயரோடு நின்றது. 2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூர் வீதிகளில் பல்லாயிரம் பேரைத் திரட்டிய ஹிண்ட்ராஃப் (இந்து உரிமைகள் இயக்கம்) பேரணிக்குக் கோவில் இடிப்புகள் உடனடிக் காரணங்களில் ஒன்றானது தற்செயலில்லை. கோவிலைக் கல்லாகவும் சுண்ணாம்பாகவும் பார்த்த அதிகாரிகளுக்கு, இடிபட்டது ஒரு சமூகத்தின் கடைசிப் பொது இடம் என்பது தெரியவில்லை.

விழுமியங்கள் மட்டும் மக்களோடு நகரத்துக்கு வந்தன. லயனில் மானம் என்பது பகிரப்பட்ட ஒன்று. எல்லாருக்கும் ஒரே கூலி, ஒரே அறைவீடு. அடுக்குமாடியில் அது தனித்தனிக் குடும்பத்தின் சுமையானது. கடனில் திருமணம், தவணையில் கார், பிள்ளையின் தேர்ச்சி என்று ஒவ்வொன்றும் அக்கம்பக்கத்துப் பார்வைக்கு வந்தன. துன்பம் வந்தால் சொல்லி அழ ஆளில்லை, சொன்னால் கேவலம் என்ற அச்சம் மட்டும் இருந்தது. மலேசிய இந்தியரிடையே தற்கொலை விகிதம் மற்றச் சமூகங்களைவிட அதிகம் என்பதைப் பல பதிற்றாண்டு ஆய்வுகளும் 2007-இல் தொடங்கிய தேசியத் தற்கொலைப் பதிவேடும் காட்டியுள்ளன. இதைத் தமிழரின் மனநிலைக் கோளாறாகப் படிப்பது தவறு. நாலு பேரின் ஏற்பு வாழ்க்கை நிறைவின் பாதியாக இருக்கும் சமூகத்தில், தோல்வி இருமடங்காக வலிக்கும். தாங்கிக்கொண்ட கூட்டம் கலைந்த பின் அந்த வலி ஒருவரிடமே தங்கும். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டப் பிரிவு 309-ஐ மலேசியா 2023-இல் நீக்கியது. உதவி தேட நினைத்தவரை அதுவரை அவமானமும் சட்டமும் சேர்ந்தே தடுத்து வந்தன.

ஹாங்காங்கிலும் அமெரிக்காவிலும் க்வான், பாண்ட், சிங்கெலிஸ் மூவரும் நடத்திய 1997-ஆம் ஆண்டு ஆய்வு, சுயமதிப்போடு உறவுகளின் இணக்கமும் வாழ்க்கை நிறைவைத் தீர்மானிப்பதாகவும், அந்த இணக்கத்தின் பங்கு ஹாங்காங்கில் கூடுதல் என்றும் கண்டது. அதன்படி பார்த்தால், இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு வருமானத்தை மட்டும் ஈடுசெய்யும் திட்டம் பாதி இழப்பைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

சமூகங்களுக்கு இடையிலான நடத்தையிலும் அமைப்பின் பங்கு தெரிகிறது. 1969 மே 13 இனக் கலவரத்துக்குப் பின், 1970-இல் அறிவிக்கப்பட்ட ருக்குன் நெகாரா என்ற நாட்டுக் கொள்கை அறிக்கையின் ஐந்தாம் கோட்பாடு நன்னடத்தையையும் ஒழுக்கத்தையும் பேணுதல். அரசு உறுதிமொழியாகச் சொல்லும் இதைவிட, தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு நாள்களில் பிற சமூகத்தாரையும் வீட்டுக்கு அழைக்கும் திறந்த இல்ல உபசரிப்புகள் அதிகம் சாதித்திருக்கின்றன. அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-இல் எழுதியது போல, சமநிலையில் சந்திக்கும்போதே வெறுப்பு குறைகிறது. திறந்த இல்லத்தில் இன்று விருந்தினர் அடுத்த பண்டிகையில் விருந்தளிப்பவர் ஆகிறார். முஸ்லிம் நண்பருக்காக ஹலால் சமையல்காரரைத் தேடும் தமிழரும், இந்துக்களுக்காக மாட்டிறைச்சியைத் தவிர்க்கும் மலாய்க்காரரும் யாரும் கட்டளையிட்டு அப்படிச் செய்வதில்லை. இதுவும் நெறி இறுக்கமான சமூகத்தின் நடத்தைதான். இங்கே அந்த இறுக்கம் அக்கறையாக வெளிப்படுகிறது.

பழைய தோட்ட வாழ்க்கையின் நிலைமைகள் வேறு மக்களிடம் தொடர்கின்றன. தமிழர் காலிசெய்த தோட்டங்களில் இன்று பெரும்பாலும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் வேலை செய்கிறார்கள். தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரத்தை 1990-ஆம் ஆண்டுச் சட்டம் வகுக்கிறது. 2019-இல் அது திருத்தப்பட்டுத் தோட்டத்துக்கு வெளியே உள்ள துறைகளுக்கும் விரிந்தது. ஆனால் வேலை அனுமதி முதலாளியின் பெயரோடு பிணைந்திருப்பதால், வேலை போனால் இருப்பிடத்தோடு நாட்டில் தங்கும் உரிமையும் போகிறது. ஆள் சேர்த்த தரகர் பல சமயம் சொந்த ஊர்க்காரர். அவருக்குப் பட்ட கடன் முதல் ஆண்டுகளின் கூலியைத் தின்றுவிடுகிறது. தோட்டத் தமிழர் கூட்டு பிடித்தது போலவே, இந்தோனேசியத் தொழிலாளர்கள் தமக்குள் அரிசான் என்ற பெயரில், மாதம் ஒருவர் எடுத்துக்கொள்ளும் பொதுப்பணம் போட்டு வருகிறார்கள்.